112 டன் மின்மாற்றியைச் சாலை வழியே கொண்டுசெல்ல அனுமதி பெற்ற அனுபவம்

துறைமுகத்தில் இறங்கிய 112 டன் மின்மாற்றி ஒன்றை 74 கிலோமீட்டர் தொலைவிலிருந்த துணைமின் நிலையத்துக்குச் சாலை வழியே கொண்டுசேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றபோது, பயணத்துக்கு இரண்டு இரவுகள் போதும் என்று கணக்கிட்டிருந்தோம். அந்த இரண்டு இரவுகளுக்கான அனுமதியைப் பெற ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆயின. அதில் பாதிக் காலம் அலுவலகங்கள் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதி நாங்கள் சரியாக அளக்காமல் எழுதிக்கொடுத்த எண்களால் போனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டாவது பாதியையாவது மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாடும் சாலையில் தடையின்றி ஓடக்கூடிய வண்டிக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி அகலத்துக்கு 2.55 மீட்டரும் உயரத்துக்கு 4 மீட்டரும் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் மொத்த எடைக்கான பொது வரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். எங்கள் மின்மாற்றியின் அகலம் 3.4 மீட்டர், டிரெய்லரில் ஏற்றும் முன்பே உயரம் 3.98 மீட்டர் என்பதால், எந்த நாட்டுச் சாலையாக இருந்தாலும் சிறப்பு அனுமதி இல்லாமல் அது ஓர் அடி நகர முடியாது. அந்த அனுமதியைக் கேட்டுப் போனவுடன் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, இந்தச் சுமையைப் பிரித்துச் சின்னதாக்க முடியாதா என்பதுதான். பிரிக்க முடிந்த சரக்குக்குப் பொதுவாக யாரும் இந்த அனுமதியைத் தருவதில்லை. ஆகவே எண்ணெயை வடித்து, புஷிங்குகளையும் (மின்கம்பிகளை இணைக்கும் காப்புக் குழல்கள்) ரேடியேட்டர்களையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றித் தனி லாரிகளில் அனுப்பி, ஈரம் புகாதபடி உள்ளே உலர்காற்றை நிரப்பிய பிறகு எஞ்சும் உடற்பகுதியை இதற்கு மேல் பிரிக்கவே இயலாது என்று தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்கினோம்.

அப்படியும் முதல் விண்ணப்பம் பதினோரு நாட்களில் திரும்பி வந்தது. வரைபடத்தில் எடை 108 டன் என்றும், கப்பல் சரக்குப் பட்டியலில் 112 டன் என்றும் இருந்ததே காரணம். போக்குவரத்துக்காகப் பொருத்தும் மூடிகள், தாங்கு சட்டங்கள், அடியில் தங்கிவிடும் எண்ணெய் ஆகியவை ஒரு தாளில் சேர்க்கப்பட்டிருந்தன, மற்றொன்றில் சேர்க்கப்படவில்லை. நான்கு டன் வேறுபாட்டை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் பாலப் பொறியாளர் அந்த நான்கு டன்னில், எங்களுடைய மற்ற எண்களையும் நம்பலாமா என்ற கேள்வியைப் பார்த்தார். அவர் கேட்டது நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன்.

அடுத்து அச்சுச் சுமைக் கணக்கு. மொத்த எடையைக் காட்டிலும், அந்த எடை எத்தனை அச்சுகளில் எவ்வளவு நீளத்துக்குப் பரவுகிறது என்பதையே சாலைத் துறையினர் கூர்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, தனியாக அமைத்த சாலைகளில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிச் செய்த ஆய்விலிருந்து ஒரு விதி பிறந்தது. சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பது அது. அச்சுச் சுமை இரு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்காகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், முதலில் எண்ணியிருந்த எட்டு அச்சு வரிசைகளை விட்டுவிட்டு, பன்னிரண்டு வரிசைகள் கொண்ட ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லரை, அதாவது தளத்தை ஏற்றி இறக்கக்கூடிய, பகுதிகளாக இணைக்கும் டிரெய்லரைத் தேர்ந்தோம். டிரெய்லரின் சொந்த எடை 42 டன். சுமையோடு 154 டன். வரிசைக்கு 13 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வரிசையிலும் எட்டு டயர்கள், வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் இடைவெளி. விண்ணப்பத்துடன் வெறும் எடைப் பட்டியல் போதாது; வரிசை இடைவெளி, டயர் அளவு, சுமையின் ஈர்ப்பு மையம் டிரெய்லரின் எந்த இடத்தில் அமர்கிறது, பக்கச் சரிவில் எத்தனை பாகை வரை வண்டி கவிழாமல் நிற்கும் என்பவை யாவும் வரைபடமாகத் தரப்பட வேண்டும்.

வழித்தட ஆய்வுக்கு ஒன்பது நாட்கள் செலவிட்டோம். இந்தப் பகுதியை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். நீட்டி மடக்கும் அளவுகோல் கம்பம், லேசர் அளவி, சாய்மானமானி ஆகியவற்றோடு இரண்டு பேர் நடந்தே போனார்கள். ஒரு நடைமேம்பாலத்தின் அறிவிப்புப் பலகையில் உயரம் 5.40 மீட்டர் என்றிருந்தது; எங்கள் அளவில் 5.31 தான் வந்தது. பலகை வைத்த பிறகு சாலைக்கு மீண்டும் தார் போட்டிருக்கிறார்கள், பலகையை யாரும் மாற்றவில்லை. மின்கம்பிகள் வேறு வகையில் ஏமாற்றின. விடியற்காலையில் அளந்த கம்பி நண்பகலில் வெப்பத்தால் நீண்டு தாழ்ந்திருந்தது. அன்று மின்சுமை அதிகமாக ஓடினால் இன்னும் தாழும். அதனால் ஒவ்வொரு கம்பியையும் பகலின் உச்ச வெப்பத்தில் மறுபடி அளந்து, இரண்டில் குறைந்ததையே பதிவேட்டில் எழுதினோம். கம்பியைத் தொடாமல் போனால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. உயரழுத்தக் கம்பியிலிருந்து விலகி நிற்க வேண்டிய பாதுகாப்புத் தூரத்தையும் சேர்த்தே இடைவெளியைக் கணக்கிட வேண்டும். வளைவுகளுக்கு, வண்டியின் முன்முனையும் பின்முனையும் திரும்பும்போது எவ்வளவு இடத்தைத் துடைத்துச் செல்லும் என்று காகிதத்தில் வரைந்து பார்த்தோம். இரண்டு வளைவுகளில் அறிவிப்புக் கம்பங்களைக் கழற்றி, வண்டி போனதும் திரும்ப நட வேண்டியிருந்தது.

பாலங்களில் நான் அஞ்சியது ஆற்றின் மேலிருந்த நீண்ட பாலத்தைப் பற்றி. அது எளிதாகத் தேறிவிட்டது. அதன் ஒவ்வொரு கண்ணும், அதாவது இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதியும், எல்லாத் தடங்களிலும் லாரிகள் நெருக்கமாக நிற்பதைத் தாங்கும்படி கட்டப்பட்டது. மற்ற வாகனங்களை நிறுத்திவிட்டு எங்கள் வண்டி மட்டும் நடுக்கோட்டில் மெதுவாகப் போனால், 18 மீட்டர் நீளத்துக்குப் பரவிய 154 டன் அதற்குப் புதிய பாரமன்று. எங்களை நிறுத்தியது நான்கு மீட்டர் அகல ஓடையின் மேலிருந்த பழைய சிறுபாலம். அவ்வளவு குறுகிய கண்ணில் மொத்த எடைக்கு வேலையில்லை; ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்கும் இரண்டு மூன்று வரிசைகளின் எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்தச் சிறுபாலத்துக்கு வரைபடமும் கிடைக்கவில்லை, உள்ளே வலுவூட்டும் இரும்புக் கம்பி எவ்வளவு இருக்கிறது என்பதும் எவருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்திட மாட்டேன் என்று பொறியாளர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

வேறு வழி 40 கிலோமீட்டர் சுற்று. அதில் ஒரு ரயில்வே கீழ்ப்பாலம் குறுக்கிட்டதால் அது முடியாது. இறுதியில் சிறுபாலத்தைத் தொடாமலே கடக்கத் தீர்மானித்தோம். பாலத்தின் இரு சுவர்களுக்கும் வெளியே, உறுதியான மண்ணில் ஊன்றும்படி நீண்ட எஃகு உத்தரங்களை மேலே வைத்து, இரு முனையிலும் சரிவு அமைத்தால், சுமை முழுவதும் உத்தரங்கள் வழியாக மண்ணுக்கே போய்விடும். இந்தத் திட்டம் ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிட்டோம். உத்தரங்கள் வண்டியை 45 சென்டிமீட்டர் உயர்த்தும். அந்த இடத்தின் மேலே, ஆய்வில் தாராளமாகத் தேறியிருந்த ஒரு மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. உயர்ந்த தளத்திலிருந்து பார்க்கும்போது அது தேறவில்லை. மின்துறைக்குத் தனியாக விண்ணப்பித்து, அந்த இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை உயர்த்தித் தர இசைவு பெறுவதற்குள் இன்னும் மூன்று வாரங்கள் கழிந்தன. வழித்தடத்தில் எதை மாற்றினாலும், அந்த இடத்தின் மேல், கீழ், பக்கம் என மூன்றையும் புதிதாக அளக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

ஒரே சாலையாகத் தெரியும் 74 கிலோமீட்டருக்கு ஐந்து உரிமையாளர்கள் இருந்தார்கள்: துறைமுகம், நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி, ஒரு ரயில்வே கடவு, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஊராட்சி. இவர்களோடு மின்துறை, தொலைபேசித் துறை, போக்குவரத்துக் காவல் ஆகியோரின் இசைவும் வேண்டும். ஒவ்வோர் அனுமதிக்கும் ஒரு கெடு உண்டு. முதலில் கிடைத்த நகராட்சி அனுமதி முப்பது நாட்களுக்கு மட்டுமே செல்லுபடியானது. கடைசிக் கையெழுத்து வருவதற்குள் அது காலாவதியாகி, மீண்டும் வரிசையின் பின்னால் போய் நின்றோம். நீண்ட நாள் செல்லும் பாலச் சான்றை முதலிலும், குறுகிய கெடு உள்ளவற்றைக் கடைசியிலும் கேட்டிருந்தால் இந்த ஒரு மாதம் வீணாகியிருக்காது. மேலும், எங்கள் அனுமதி குறிப்பிட்ட இழுவை வண்டியின் பதிவெண்ணுக்குத் தரப்பட்டது. அதே திறனுள்ள வேறு வண்டியைக் கொண்டுவந்தாலும் அது செல்லாது. எனவே இரண்டாவது திருத்தத்தில் ஒரு மாற்று இழுவை வண்டியின் எண்ணையும் சேர்த்தே எழுதிக்கொடுத்தோம்.

ஏற்றிய நாளன்று, சங்கிலிகளை இறுக்கிய பிறகு, எங்கள் மேற்பார்வையாளர் உயரத்தை மீண்டும் அளந்தார். டிரெய்லரோடு சேர்த்து அனுமதியில் இருந்த உயரம் 5.13 மீட்டர், அளவுகோல் கம்பம் காட்டியது 5.21. மின்மாற்றியின் அடியில் பாரத்தைப் பரப்புவதற்காக வைத்த கட்டைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நடைமேம்பாலத்தில் 5.31 இருக்கிறதே, டிரெய்லரின் தளத்தையும் அங்கே இறக்கிக்கொள்ளலாமே, புறப்பட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நான் மறுத்தேன், அதற்குக் காரணம் அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து. 2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் ஆற்றின் மேல் 1955இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தின் மேற்சட்டங்களில் உயரமான சுமையேற்றிய லாரி ஒன்று மோதி, பாலத்தின் ஒரு கண் முழுவதும் ஆற்றில் விழுந்தது. அந்த லாரிக்கு முறையான அனுமதி இருந்தது. அதில் உயரம் 15 அடி 9 அங்குலம் என்றிருக்க, பின்னர் அளந்தபோது 15 அடி 11 அங்குலம் வந்தது. முன்னே, மேலே இடிக்குமா என்று பார்க்கும் அளவுகோல் கம்பத்துடன், வழிகாட்டும் பைலட் வாகனம் ஒன்றும் சென்றது. அதை ஓட்டியவர் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பாலத்தின் மேற்சட்டம் வளைவானது, வலது ஓரத்தில் தாழ்ந்தது. நடுவை ஒட்டிய தடத்தில் போயிருந்தால் இடித்திருக்காது. இரண்டு வாகனங்கள் ஆற்றுக்குள் விழுந்தும் அவற்றிலிருந்த மூவரும் உயிர் தப்பினர். வழித்தடத்தின் உயரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அங்கே வண்டிக்காரரிடமே விடப்பட்டிருந்தது. எங்கள் அனுமதியில் இருந்த 5.13 என்ற எண்ணும் நாங்கள் எழுதிக்கொடுத்து அலுவலகம் திருப்பி எழுதியதே. சாலையை அளந்து யாரும் எங்களுக்கு உறுதி தரவில்லை. இரண்டு நாட்கள் காத்திருந்து உயரத்தைத் திருத்தி வாங்கிய பிறகே புறப்பட்டோம்.

பயணம் இரவு பதினோரு மணி முதல் விடிகாலை ஐந்து மணி வரை. முன்னால் சென்ற பைலட் வாகனத்தில், திருத்திய உயரத்தைவிட எட்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் கம்பத்தை நிறுத்தியிருந்தோம். அதில் ஓட்டுநரைத் தவிர கம்பத்தை மட்டும் பார்க்க ஒருவர் அமர்ந்தார். இருவரின் கைப்பேசிகளும் என்னிடம் இருந்தன, பேச்செல்லாம் வாக்கிடாக்கியில் மட்டும். நடைமேம்பாலத்தின் அடியில் தளத்தை 15 சென்டிமீட்டர் இறக்கி, கடந்ததும் ஏற்றினோம். ஆற்றுப் பாலத்தில் நிபந்தனைப்படி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம். பிரேக் பிடிக்கவோ கியர் மாற்றவோ கூடாது, ஏனென்றால் எடை அதேதான் என்றாலும் ஒரு குலுக்கல் பாலத்தின் மேல் விழும் பாரத்தைக் கூட்டிவிடும். சிறுபாலத்தின் மேலிருந்த எஃகு உத்தரங்களை வண்டி கடக்க இருபத்தாறு நிமிடங்கள் ஆயின. பொறியாளர் ஓடைக்குள் இறங்கி, முந்தைய நாள் சுண்ணாம்பால் குறித்துவைத்த விரிசல்களை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் நீளவில்லை என்று பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

மின்மாற்றியை அடித்தளத்தின் மேல் இறக்கிய மறுநாள் காலையில், காலியான டிரெய்லர் திரும்பப் புறப்பட்டபோது வாயிலில் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் அனுமதியைக் கேட்டார். சுமை இல்லாவிட்டாலும் அதன் அகலம் 3 மீட்டர்; எங்கள் அனுமதியோ ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது. திரும்பும் பயணத்துக்கு விண்ணப்பித்து, ஆறு நாட்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே டிரெய்லரை நிறுத்திவைத்திருந்தோம்.