எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு

எங்கள் பட்டறைக்குப் பழைய எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் 'இது என்ன?' என்று கேட்பது அபூர்வம். என்னவாக இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு கையெழுத்து வாங்கத்தான் வருகிறார்கள். இத்தாலியின் மொடெனாவைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வழக்கம் இன்னும் அதிகம். ஃபெராரியும் மசெராட்டியும் தொழில் நடத்திய மண் என்பதால், எந்தக் கொட்டகையில் எந்தத் துருப்பிடித்த இரும்பு அகப்பட்டாலும் அதற்கு ஒரு பந்தய வரலாறு தயாராக இருக்கும்.

அப்படி வந்த ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பற்றித்தான் எழுதுகிறேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்ஷாஃப்டின் மேல்மூடிகள் இல்லை, கார்புரேட்டர் இல்லை, பெயர்த்தகடும் இல்லை. "மசெராட்டி 4சிஎல்" என்றார் உரிமையாளர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பந்தயக் காரின் எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரை மட்டும் யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்திருந்தார். சிலிண்டரின் உள்விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டமும் 78 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1,491 சி.சி. 1939-இல் களமிறங்கிய 4சிஎல்லின் கணக்கு இதுவேதான்.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. மசெராட்டி சகோதரர்கள் 1937-இல் தங்கள் கம்பெனியை ஓர்சி குடும்பத்துக்கு விற்றார்கள். பத்து ஆண்டுகள் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அது முடிந்ததும், 1947-இல், எர்னெஸ்டோ, எட்டோரே, பிந்தோ மூவரும் வெளியேறி, பொலோன்யாவை ஒட்டிய சான் லாத்சரோவில் ஓஸ்கா என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார்கள். குடும்பப் பெயரைக் காருக்கு வைக்க வழியில்லை, அதைத்தான் விற்றாகிவிட்டதே! அவர்களுடைய எம்டி4 கார் 1,100 சி.சி. வகுப்பில் தொடங்கியது. பிறகு 78-க்கு 76 என்ற அளவில் 1,453 சி.சி. ஆனது, அதன் பின் 78-க்கு 78. பழைய கம்பெனியில் விட்டுவந்த அதே அளவுக்கு எர்னெஸ்டோ திரும்பிவிட்டார். 1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸும் பில் லாய்டும் பெரிய எஞ்சின் கார்களை எல்லாம் பின்தள்ளி வென்றது இந்த எம்டி4-இல்தான். கடைசியில் பிரேக் இல்லாமலே ஓட்டி முடித்தார்கள்.

ஆகவே உரிமையாளரின் அளவு சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் கேள்விக்குரியது. சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டைத் திருப்பிப் பார்த்தோம். 4சிஎல்லில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். இதில் பெரிதாக இரண்டே இரண்டு. "ஹெட்டைப் பின்னாளில் மாற்றியிருக்கலாமே" என்றார். மாற்றியிருக்கலாம்தான், பந்தய எஞ்சின்களில் அது நடக்காததல்ல. பிஸ்டன்களைக் காட்டினோம். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் தள்ளும் எஞ்சினில் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அளவை, குறைத்தே வைப்பார்கள். இங்கே பிஸ்டனின் தலை மேடாக எழும்பி நின்றது. தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும் எஞ்சினுக்கான வடிவம் அது. அதையும் மாற்றியிருக்கலாம் என்றார். அவர் விடுவதாக இல்லை.

எங்கள் மூத்த மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். எஞ்சினின் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அங்கே ஒரு விரலை வைத்தார். 4சிஎல்லின் சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். அதைத் தாங்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் வார்ப்பிலேயே அமைந்திருக்க வேண்டும். இந்த வார்ப்பில் அப்படி எதுவும் இல்லை. வெட்டி எடுத்து மழுப்பிய அடையாளமும் இல்லை. ஹெட்டை மாற்றலாம், பிஸ்டனை மாற்றலாம். மணல் அச்சில் ஒருமுறை ஊற்றிய உலோகத்தைத் திருப்பி ஊற்ற முடியாது. உரிமையாளர் அதன் பிறகு மசெராட்டி என்ற சொல்லை எடுக்கவில்லை.

எஞ்சினின் அடையாளமாக உலோகத்தில் குத்திய முத்திரை எண்ணை நான் எப்போதும் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் அந்த எண்ணுக்குப் பொருந்துவதாகவே கண்ணுக்குப் படத் தொடங்கிவிடும். எண் குத்திய மேடையில் கைவிளக்கைப் படுக்கைவாட்டில் பிடித்தோம். சுற்றிலும் இயந்திரம் சீவிய மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடின. எண்கள் இருந்த இடத்தில் மட்டும் அவற்றுக்குக் குறுக்கே அரத்தின் கீறல்கள். மேடை அங்கே தாளின் கனத்துக்குக் குழிந்திருந்தது. இப்போதிருக்கும் 4-க்கு அடியில் மங்கலாக ஒரு வளைவு. 4-க்கு வளைவு ஏது? அது ஒரு 6-இன் வயிறாகவோ 8-இன் வயிறாகவோ இருக்க வேண்டும்.

இதைக் கண்டதும் 'மோசடி' என்று கூவுபவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் ஒரு பந்தயக் கார் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டுமானால், சுங்கத் தாளில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் உடைந்து வேறொன்றை மாட்டியவர்கள், தாளில் இருந்த எண்ணையே புதியதில் குத்திக்கொண்டு போவது சாதாரணம். அந்த இரண்டாவது எண்ணுக்கும் எழுபது வயது ஆகியிருக்கலாம். நேற்று யாரோ ஏலத்துக்காகக் குத்தியதாகவும் இருக்கலாம். உலோகத்தில் எண்ணைக் குத்தும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கிப் போகிறது. மேலே அரத்தால் தேய்த்தாலும் அந்த நசுங்கல் மிஞ்சியிருக்கும். அமிலம் தடவினால் பழைய எண் மெல்லத் தலைகாட்ட வாய்ப்பு உண்டு. உரிமையாளர் சம்மதிக்கவில்லை, மேடையில் கறை விழும் என்றார்.

அறிக்கையைச் சுருக்கமாகவே எழுதினோம்: ஓஸ்கா எம்டி4, இரட்டைக் காம்ஷாஃப்ட், 1,491 சி.சி.; எண் ஒருமுறையேனும் மாற்றிக் குத்தப்பட்டிருக்கிறது; முந்தைய எண் படிக்கப்படவில்லை. எம்டி4 கார்கள் மொத்தமே நூறைத் தொடாதவை. அதனால் அவர் கையில் இருப்பது அற்பப் பொருள் இல்லை என்று எடுத்துச் சொன்னோம். அவர் மனம் அதில் ஆறவில்லை. எண்ணைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றதும், கூலியை எண்ணி வைத்துவிட்டு எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கோடை முடிந்த பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். அமிலச் சோதனைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.