மூன்றாவது பையில் இருந்த மணல்

களத்துக்குப் போகும் முதல் நாள் காலையில் எல்லோருக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுப்போம். ரப்பர் கிடையாது. மழையில் நனைந்தால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். மாணவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். ஆசிரியர்களுக்குத்தான் கை கூசும்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் ஒரே குழுவாக இரண்டு வாரம் புவி அறிவியல் ஆய்வு செய்யும் பயிற்சி அது. சில ஆண்டுகள் அதில் வழிகாட்டியாக இருந்தேன். ஆசிரியர் மேற்பார்வை பார்க்க வருவதில்லை. அவரும் மண் அள்ள வேண்டும், சல்லடை ஆட்ட வேண்டும், நோட்டு எழுத வேண்டும்.

பாறையைப் பார்த்ததும் பெயரை எழுதாதீர்கள் என்பது எங்கள் இன்னொரு கட்டாயம். என்ன நிறம், மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, கத்தியால் கீறினால் கோடு விழுகிறதா, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதா, இதெல்லாம் முதலில். பெயர் கடைசி வரியில். "சார், இது என்ன பாறைன்னு நீங்க சொல்லிட்டா மத்ததை நாங்க எழுதிக்குவோம்" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். இருபது வருடமாக விடை தெரிந்தவராக வகுப்பில் நின்று பழகியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டு நான் வைத்திருந்த திட்டமே விடை தெரிந்த திட்டம்தான்.

ஓர் ஆற்றின் போக்கில் ஐந்து இடங்களில் மணல் எடுப்பது. கீழே போகப் போக மணல் பொடியாகிறதா என்று பார்ப்பது. ஆகும் என்பது எனக்குத் தெரியும். சரிவு குறையக் குறைய நீரின் இழுவிசை தளரும், பெரிய மணிகள் முன்னாலேயே தங்கிவிடும், சிறியவை மட்டும் கீழே போய்ச் சேரும். அழகான வரைபடம் வரும், எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள். இதை ஆய்வு என்று சொல்வது கொஞ்சம் ஏமாற்றுத்தான். அன்று அப்படித் தோன்றவில்லை.

ஆய்வகத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஈர மணலை ஓவனில் காயவைக்கவே ஒரு நாள் போய்விடும். காய்ந்ததைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பாகங்களைச் சேர்த்தால் சரிபாதி. ஒரு பாதி சல்லடைக்கு, மறுபாதி யாரும் தொடாமல் பையில். கடலடித் துளையிடும் கப்பல்களில் எடுக்கும் மண் உருளையை நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறுபாதியைச் சேமிப்புக்கும் ஒதுக்குவார்கள். அங்கிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இது. ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற அப்படியொரு கப்பலில் 2005-ல் ஆசிரியர்களையே ஏற்றி, 'ஸ்கூல் ஆஃப் ராக்' என்று ஒரு பயிற்சி தொடங்கினார்கள். எங்களிடம் கப்பல் இல்லை, பிளாஸ்டிக் பைகள் இருந்தன.

சல்லடைகள் 2 மில்லிமீட்டரில் தொடங்கி ஒவ்வொன்றும் பாதியாகக் குறைந்து 63 மைக்ரான் வரை இறங்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 1922-ல் வெண்ட்வொர்த் என்ற புவியியலாளர் மணிகளின் பருமனுக்கு வகுத்த அளவுகோலின்படி, இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மணல். அடுக்கி, பத்து நிமிடம் ஆட்டி, ஒவ்வொரு தட்டிலும் தங்கியதை எடை போட வேண்டும். கடைசியில் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கையில் ஆரம்ப எடை வரவில்லை என்றால் எங்கோ சிந்தியிருக்கிறது. இந்தக் கூட்டல் கணக்கில் மாணவர்களுக்கு வந்த ஆர்வம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

சரி, வரைபடம். ஒன்றாம் இடம், இரண்டாம் இடம், நான்கு, ஐந்து எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது மட்டும் இரண்டாவதைவிடப் பருமனாக இருந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல, கையில் தேய்த்தாலே தெரிந்தது.

"மூணாவதை விட்டுட்டா கோடு அழகா வருது" என்றார் அதே ஆசிரியர். நான் அவரைவிட மோசம். பையின் சீட்டு மாறியிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். மாதிரி எடுத்த மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டை வெளியே ஒட்டியதோடு உள்ளேயும் ஒன்று போட்டிருந்தாள், இரண்டும் ஒரே எண்.

அப்புறம் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. களிமண் கலந்த மணலை அடுப்பில் காயவைத்தால் உருண்டை கட்டிக்கொள்ளும். அந்த உருண்டை பெரிய சல்லடையில் தங்கி, பருமணல் போல நடிக்கும். முன்பு ஒருமுறை நானே அதில் ஏமாந்து ஒரு வார வேலையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். தொடாமல் வைத்த பாதியை எடுத்தோம். தண்ணீர் விட்டு 63 மைக்ரான் சல்லடையில் அலசி, மீண்டும் காயவைத்துச் சலித்தோம். அப்போதும் பருமன்தான்.

நுண்ணோக்கியில் வைத்ததும் அறையில் பேச்சு நின்றுபோனது. மற்ற இடங்களின் மணிகள் முனை மழுங்கிய குவார்ட்ஸ், மணலில் சாதாரணமாகக் கிடைக்கும் கடினமான கனிமம். இவை கூரான விளிம்போடு, தட்டையாக மினுக்கும் முகங்களோடு, இளஞ்சிவப்பில் இருந்தன. ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறொரு கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, இது 6. தளம் தளமாகப் பிளக்கும், காலப்போக்கில் களிமண்ணாகவும் மாறும். இவ்வளவு முழுசாக, இவ்வளவு கூராக இருக்கிறதென்றால் நெடுந்தூரம் உருண்டு வந்திருக்க வாய்ப்பு குறைவு. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

மாணவி நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் இடத்துப் பக்கத்தில் அவள் கையெழுத்தில்: "வலது கரை. சற்று மேலே ஒரு பள்ளம் ஆற்றில் வந்து சேர்கிறது. தண்ணீர் இல்லை. பள்ளத்தின் வாயில் கற்கள்." ஏன் எழுதினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் பட்டதை எழுதச் சொன்னோம், எழுதியிருந்தாள். நானும் அதே கரையில்தான் நின்றேன். என் நோட்டில் அந்தப் பள்ளம் இல்லை.

மறுநாள் திட்டத்தில் இல்லாத பயணம். காய்ந்துகிடந்த அந்த ஓடையில் ஏறிப்போய் ஒரு பை மணல் அள்ளினோம். இன்னும் பருமன், அதே இளஞ்சிவப்பு. துணை ஓடை ஒன்று புது மணலைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் பொடியாகும் கணக்கு கலைந்து மறுபடி தொடங்கும் என்பது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நான் படித்ததும்தான். ஆனால் என் மூளை சீட்டு மாறியதையே நம்பத் தயாராக இருந்தது. முடிவுரையில் மாணவி 'நிரூபணமானது' என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, 'ஒத்துப்போகிறது' என்று மாற்றியிருந்தாள். ஒரே ஒரு பைதானே!

இரண்டு வாரம் இதற்குப் போதாது என்பது என் நிரந்தரப் புகார். பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியருக்கு இன்னும் கஷ்டம். ஓவனும் இருக்காது, சல்லடை அடுக்கும் இருக்காது, ஒரு பாடவேளைதான் கையில். அவர்களுக்காக ஒரு கண்ணாடிப் பாட்டில் சோதனையை வைத்திருந்தோம். மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும், வண்டலுக்குச் சில மணி நேரம், களிமண் நாள்கணக்கில் மிதக்கும். மணி அடித்து வகுப்பு கலைந்த பிறகும் சோதனை ஓடிக்கொண்டிருக்கும் என்பதே எனக்கு அதில் பிடித்தது.

கடைசி நாளில் சுவரொட்டிகளை மாட்டிக் கண்காட்சி. மூன்றாம் புள்ளியைப் பெரிதாகச் சிவப்பில் போட்டிருந்தார்கள், ஆசிரியரின் யோசனையாம். பார்க்க வந்த ஒருவர் விரலை அதன்மேல் வைத்து, "இந்த ஒண்ணு மட்டும் தப்பா வந்துடுச்சோ?" என்றார். மாணவி வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் முந்திக்கொண்டார். வந்தவர் அங்கிருந்து நகர அரை மணி நேரம் ஆனது.