காமன் பொட்டலில் மூன்று மிலாறுகள்

நமது பாடசாலைக்குக் கீழே ஆற்றோரமாக இருந்த கிளப் மைதானத்தைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் வெள்ளை வேலிக்கு வெளியே, மானாப்புல் சரிவில் உட்கார்ந்துதான் நான் கிரிக்கெட் பார்க்கப் பழகினேன். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய பிறகும் வேலி அப்படியேதான் இருந்தது. உள்ளே ஆடியவர்களின் நிறம் மாறியது; அங்கே புல் வெட்டிய என் தகப்பனார் பின்வாசலால் மட்டுமே வந்துபோக வேண்டும் என்ற வழக்கம் மாறவில்லை.

இலங்கையில் கிரிக்கெட் தேயிலையைவிட மூத்தது. கொழும்பில் ஒரு கிரிக்கெட் சங்கம் தொடங்க வேண்டும் என்று ‘கொழும்பு ஜேர்னல்’ எழுதியது 1832இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். மறு ஆண்டே டிக்கோயாப் பக்கம் தரவளையில் தோட்டத் துரைமாரின் கிளப் வந்துவிட்டது. இந்த மலைநாட்டில் ஒரு சரிவைக் குடைந்து, மண் சுமந்து, தண்ணீர் தேங்காமல் கான் வெட்டி, பந்து உருளும்படியாக ஒரு தட்டை நிலம் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை மலை வேலை செய்தவர்கள் அறிவார்கள். துரைமாரின் ஓட்டக் கணக்குகள் அச்சாகியிருக்கின்றன. மண் சுமந்தவர்களின் பேர், தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோலோடு போயிற்று.

எங்களுக்கு வாய்த்த மைதானம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, காமன் கூத்து ஆடும் வெளியான காமன் பொட்டல். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அடுப்புக்கு வரும் மிலாறுகளில், அதாவது வெட்டிய கிளைகளில், நேரானவை மூன்றைத் திருடி நட்டால் விக்கெட். கந்தல் துணி உருண்டையின் மேல் சைக்கிள் டியூப்பை வளையம் வளையமாக வெட்டி மாட்டினால் பந்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றிவிட்டால், தப்பு முழங்கி ரதியும் மதனும் ஆடி, மன்மதன் எரிந்து முடியும்வரை அங்கே யாரும் செருப்புக் காலோடுகூட நடக்க முடியாது. எங்களுக்கு மழைக்காலத்தைவிடக் காமன் காலம்தான் பெரிய தடை.

1982 பெப்ரவரி 17 அன்று இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நமக்குக் கணிதம் கற்பித்த மாஸ்டர், தமது சிறு வானொலியை மேசை இலாச்சிக்குள் வைத்து, அதைப் பாதி திறந்தபடியே பாடம் நடத்தினார். பாடசாலை மாணவனாகவே இருந்த அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தபோது வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மைதானத்தின் கதையைச் சொன்னார். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது, பி. சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. கொழும்பு ஓவல் என்று அழைக்கப்பட்ட நாளில், 1948 மார்ச்சில், பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி அங்கே ஆடியபோது, 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது என்று கண்டுபிடித்தார்களாம். வகுப்பே சிரித்தது. “அதே வருசம் உங்கட ஆக்களையும் அளந்தவங்கள் தம்பி,” என்றார் மாஸ்டர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கிய விவரத்தை நான் முதலில் கேட்டது சரித்திர பாடத்தில் அல்ல, அந்தக் கணித வகுப்பில்தான்.

அந்தப் போட்டியில் இலங்கை 7 விக்கெட்டுகளால் தோற்றது. அடுத்த வாரம் பொட்டலில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது கம்பம் ஊன்றப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். என் வகுப்புத் தோழன் 31 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றான். ஆட்டத்தைக் காமன் முடிந்ததும் தொடரலாம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் நாடற்றவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்த குடும்பம் அவனுடையது. மன்மதன் எரிவதற்கு முன்பே அவர்களுக்குக் கடுதாசி வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுதழுது வழியனுப்பியதால் அழுகைக் கோச்சி என்று பேரான அந்த ரயிலில், கப்பலேறும் தலைமன்னாருக்கு அவன் புறப்பட்டபோது, தகரப் பெட்டிக்கும் அம்மிக்கும் இடையில் எங்கள் டியூப் பந்தையும் செருகி வைத்திருந்தான்.

1996 மார்ச் 17 அன்று லாகூரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியைக் கார் பெட்டரியில் ஓடிய தொலைக்காட்சியில் லயமே கூடிப் பார்த்தது. அரவிந்த டி சில்வாவின் 107ஐப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் தகப்பனாருக்கு அது பெரிதாகப் படவில்லை. முரளிதரனின் பந்தில் வோர்ன் ஸ்டம்ப் செய்யப்பட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். முரளியின் பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர் என்று நான் சொன்னதும், “எந்தத் தோட்டம்? ஆள் கட்டிக் கூட்டிவந்த எந்தக் கங்காணி பேர்ல வந்தாரு?” என்று, சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

2010 ஜூலை 22 அன்று காலியில் முரளி ஓஜாவை வீழ்த்தித் தமது 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது நான் லண்டனில் வேலையில் இருந்தேன். எதிரணி இந்தியா. அன்று மாலை தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து அந்தப் பொட்டல் தோழன் தொலைபேசியில் அழைத்தான்.

“நான் எந்திரிச்சுக் கையத் தட்டிட்டேன்டா. மகனுங்க ரெண்டு பேரும் மொறைக்கிறானுங்க.”

பிறகு நெடுநேரம் பொட்டலைப் பற்றியும், இடிந்துபோன எங்கள் லயத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தான். வைப்பதற்கு முன் சொன்னான்: “கணக்குல எழுதி வச்சிக்க. முப்பத்தொண்ணு. நான் இன்னும் அவுட்டாகல.”