வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் படித்த சிறப்புக் கல்வி பி.எட்.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் எங்கள் வீடு இருக்கிறது; வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான் பேச்சுமொழி. டவுன் சிண்ட்ரோம் உள்ள என் அக்கா மகனைப் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகப் பஞ்சாயத்து நடத்தும் பட்ஸ் பள்ளிக்கு நான்தான் அழைத்துச் செல்வேன். ஆசிரியை மிகுந்த பரிவுள்ளவர்; ஆனால் தண்ணீர் வேண்டுமா என்று அவர் மலையாளத்தில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால், குழந்தை வெல்லம் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டுவான். தமிழில் கற்பிக்கத் தெரிந்த சிறப்பாசிரியர் இந்தப் பக்கத்துக்குத் தேவை என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

எங்கள் மாவட்டத்துச் சித்தூரில் பட்டம் முடித்திருந்த எனக்கு, குறைந்த செலவில் எங்கே படிப்பது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் ஏமாந்தேன். ஒரே ஆண்டில் சிறப்புக் கல்விப் பட்டம் என்று சொன்ன ஒரு சேர்க்கை முகவரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அந்த நிறுவனம், சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலில் இல்லை என்பது பிறகே தெரிந்தது; பணம் திரும்ப வரவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத, முடித்தபின் ஆசிரியராக அதன் பதிவு எண் வாங்க முடியாத படிப்பு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண்செலவுதான். பட்டியலில் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் குறைபாட்டுப் பிரிவுக்கு, எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும். செவித்திறன் பிரிவுக்கு அனுமதி பெற்ற கல்லூரிக்கு அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

பிறகு ஒரு நோட்டில் மொத்தச் செலவையும் எழுதிப் பார்த்தேன். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம் நல்ல இடம்தான், ஆனால் இரண்டு ஆண்டுகள் வீட்டைவிட்டுத் தங்க என்னால் இயலாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைச் சிறப்புக் கல்வி பி.எட். இரண்டரை ஆண்டுப் படிப்பு. அதிலும் நேர்முக வகுப்பையும் பள்ளிப் பயிற்சியையும் தவிர்க்க முடியாது, படிப்பு மையங்களும் தமிழ்நாட்டுக்குள்தான் உள்ளன. கடைசியில் கோவைப் பக்கம் அறக்கட்டளை ஒன்று நடத்தும் கல்லூரியில், தினமும் பேருந்தில் போய்வரும்படியாக, இரண்டாண்டு பி.எட்.டில் சேர்ந்தேன். விடுதிக் கட்டணம் மிச்சமானது. கேரள முகவரி என்பதால் தமிழக அரசின் உதவித்தொகை எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிக் கேட்டபோது கட்டணத்தைப் பருவத்துக்கு ஒன்றாக நான்கு தவணைகளில் கட்ட முதல்வர் அனுமதித்தார். கேட்காமல் இருந்திருந்தால் அந்த வசதி இருப்பதே தெரிந்திருக்காது. கற்பித்தல் கருவிகள் செய்ய அட்டை, துணி, மணி, வெல்க்ரோ என்று ஆன செலவை மட்டும் நான் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

படிப்பின் உண்மையான பலன் பயிற்சிப் பள்ளியில்தான் தெரிந்தது. சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் 18 தலைப்புகளின்கீழ் 360 திறன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் குழந்தை தானே செய்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதை ஒரு சிறுவனுக்கு ஆறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்பித்தேன். துளைக்குள் பாதி நுழைத்த பொத்தானை இழுத்து வெளியே எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. பன்னிரண்டாம் நாள் அதைத் தானே இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பொத்தானையே தடவிக்கொண்டிருந்தான். அக்கா மகனுக்கும் இப்போது வீட்டில் இதே முறையில்தான் சொல்லித்தருகிறேன்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் இரண்டு செய்திகளைச் சேரும் முன்பே கவனிக்க வேண்டும். வெளிமாநிலப் பட்டத்துக்குக் கேரளத்தில் சமநிலைச் சான்று, அதாவது இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்ற சான்று, கேட்கலாம். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே ஏற்கிறார்களா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். அடுத்தது பெயர். என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பட்டச் சான்றிதழில் முன்னால் அச்சாகிவிட்டது. அதைச் சரிசெய்து கவுன்சிலின் பதிவு எண் வாங்க எனக்கு ஐந்து மாதம் கூடுதலாக ஆனது. முதல் பருவத் தேர்வு விண்ணப்பத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடி பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.