பாம்பு தூங்கப் போன பிறகு

தம்பி அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்கியில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து, "எங்கே போகலாம், நீயே சொல்லு" என்றான். கிராண்ட் கேன்யன் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பான். நவஹோ தேசம் என்றேன், அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் நாடு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களால் கடைசிவரை உடைக்க முடியாத சங்கேதம் நவஹோ மொழியில் இருந்தது என்று கல்லூரி நாட்களில் படித்திருக்கிறேன். அந்த மொழியை ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை.

மேற்கே ஒன்றேகால் மணி நேரம் போனதும் வலது பக்கம் டெய்லர் மலை தெரிந்தது. நவஹோவில் அதற்கு ட்ஸோத்ஸில் என்று பெயர். அவர்கள் நாட்டுக்கு எல்லையாக நிற்கும் நான்கு புனித மலைகளில் தெற்கு மலை அது. கேலப் ஊரை நெருங்கும்போது தம்பி ரேடியோவில் 660ஐத் திருப்பினான். 1986இலிருந்து வின்டோ ராக்கிலிருந்து ஒலிபரப்பாகும் நவஹோ வானொலி கே.டி.என்.என். ஒரு கன்ட்ரி பாட்டு முடிந்ததும் ஒருவர் பேச ஆரம்பித்தார். நடுநடுவே ரோடியோ, டிக்கெட் என்று ஆங்கிலச் சொற்கள் வந்து போயின. மற்றதெல்லாம் எனக்குப் புத்தம்புதுச் சத்தம். தொண்டையில் சட்டென்று நின்று மறுபடி கிளம்பும் பேச்சு. அவர்களிடம் ஒரு 'ல' இருக்கிறது: நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், இரண்டு பக்கமும் காற்றை மட்டும் விட வேண்டும். காரிலேயே பத்துப் பதினைந்து தடவை முயன்றும் எனக்கு வரவில்லை.

நவஹோ என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'திநே' என்கிறார்கள். மக்கள் என்று பொருள். மொழி 'திநே பிஸாத்', மக்களின் பேச்சு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரந்த நாடு. அதன் தலைநகரம் வின்டோ ராக்.

பெயருக்கு ஏற்றபடி அங்கே செம்பாறை ஒன்றின் நடுவில் பெரிய வட்டமான ஓட்டை, அதற்குள் வானம். அதன் அடிவாரத்தில் வானொலிக் கருவியோடு ஒரு போர்வீரனின் சிலை. 1942இல் அமெரிக்க மரைன் படை 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தச் சங்கேதத்தை உருவாக்கியது. பீரங்கி வண்டிக்கு ஆமை, கைக்குண்டுக்கு உருளைக்கிழங்கு, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், குண்டுகளுக்கு முட்டை. அமெரிக்காவுக்கு 'எங்கள் அம்மா'. பயிற்சி பெறாத நவஹோக்காரர் கேட்டாலும் புரியாது. ஜப்பானியரிடம் கைதியாகச் சிக்கிய ஜோ கியூமியா என்ற நவஹோ வீரரைச் சித்திரவதை செய்து கேட்டும், அவராலேயே அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டையில் முதல் இரண்டு நாளில் ஆறு பேர் 800க்கும் மேற்பட்ட செய்திகளை ஒரு பிழைகூட இல்லாமல் அனுப்பினார்கள். 1968 வரை இது இராணுவ ரகசியம். வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. அந்த 29 பேருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது 2001இல்தான்.

இவ்வளவும் தெரிந்த கதைதான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த 29 பேரில் கடைசியாக, 2014இல் காலமானவர் செஸ்டர் நெஸ். சிறுவயதில் விடுதிப் பள்ளியில் நவஹோ பேசியதற்காக அவர் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அந்த வாயைத்தான் பிறகு போருக்குக் கூப்பிட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவருக்குத் தூக்கமில்லை. செத்த எதிரிகள் கனவில் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பத்தார் 'எதிரி வழி' என்ற சடங்கை நடத்தினார்கள். நாள்கணக்கில் பாட்டும் மந்திரமும். எல்லாம் அதே மொழியில். போருக்குப் போன சொல்லே வீட்டுக்கு வந்து ஆளைத் தேற்றியிருக்கிறது. அந்தச் சிலைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை சின்லியில் இருந்தோம். அங்கிருக்கும் கேன்யன் டி ஷெய் என்ற பள்ளத்தாக்குக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. எங்களுக்கு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. பள்ளி விடுமுறை என்று ஏழு வயதுப் பேத்தியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "யாத்தேஹ்" என்று கையை மெதுவாகத் தொட்டுவிட்டு, பெயருக்கு முன்னால் குலத்தைச் சொன்னார். அம்மா வழிக் குலம் கசப்புத் தண்ணீர்; பிறகு அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம். நான்கும் சொன்னால்தான் எதிரில் நிற்பவர் அக்காவா, பேரனா, கல்யாணம் செய்யக் கூடாத முறையா என்று தெரியும். "நீ என்னை ஷிமா என்று கூப்பிடலாம்" என்றார். 'என் அம்மா' என்று அர்த்தம். தமிழ் நாக்குக்கு அந்தச் சொல் ஒரு கஷ்டமும் கொடுக்கவில்லை.

ஜீப் பள்ளத்தாக்கின் வாயில் நின்றது. இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை, நடுவில் மணல் ஆறு, கரையில் மஞ்சளாக மாறத் தொடங்கிய மரங்கள். ஷிமா இறங்கி நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் போனை எடுத்துப் பதிவை அழுத்தப் போனேன். பேச்சை நிறுத்தாமல், என் பக்கம் பார்க்காமல், உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார். போனை உள்ளே வைத்தேன்.

முடித்துவிட்டு வந்து விளக்கினார். கோபமே இல்லை. "இது பேச்சு இல்லை, வேலை. இங்கே, இப்போது நடக்க வேண்டிய வேலை. நீ அதை எடுத்துக்கொண்டு போய் நாளைக்கு எங்கோ ஒரு அறையில் ஓட விட்டால், அது அங்கே என்ன செய்யும்?"

நான் அதுவரை மொழியைக் காப்பாற்றுவது என்றால் பதிவு செய்வது, அகராதி போடுவது என்றே நினைத்திருந்தேன். அதெல்லாம் அவர்களிடமும் இருக்கிறது. ராபர்ட் யங்கும் வில்லியம் மார்கனும் 1940களிலிருந்து சேர்ந்து உழைத்து உருவாக்கிய அகராதி, எந்தப் பழங்குடி மொழிக்கும் பெருமை சேர்க்கக்கூடியது. ஆனால் ஷிமாவின் பேச்சில் நான் கேட்டது இன்னொன்று. அவர்கள் நம்பிக்கையில் உலகமே நினைப்பிலும் சொல்லிலும்தான் பிறந்தது. மூச்சாக உள்ளே போகும் காற்றுதான் சொல்லாக வெளியே வருகிறது. 'ஹதாலி' என்பவர் வைத்தியர். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பாடுபவர் என்றுதான் பொருள். பெரிய சடங்குகள் ஒன்பது இரவு வரை போகும். அத்தனை பாட்டும் மனப்பாடம். பிரார்த்தனை முடியும்போது 'ஹோஷோ நாஹாஸ்த்லீ' என்று நான்கு தடவை சொல்வார்கள். 'ஹோஷோ'வை அழகு என்றும் சொல்லலாம், சீர், அமைதி, நலம் என்றும் சொல்லலாம். அது மறுபடி வந்துவிட்டது என்று பொருள். 'வரட்டும்' என்று வேண்டிக்கொள்வதில்லை, 'வந்துவிட்டது' என்றே சொல்கிறார்கள்.

பேத்தி என்னைச் சோதிக்க ஆசைப்பட்டாள். "அஸே" என்றாள். சொன்னேன். "மருந்து" என்றாள். பிறகு குரலைச் சற்று உயர்த்தி மறுபடி "அஸே" என்றாள். என் காதுக்கு அதே சொல். "இது வாய்" என்றாள். சுருதி ஒன்றுதான் வித்தியாசம். மருந்துக்கும் வாய்க்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். நான் மூன்று தடவை தப்பாகச் சொன்னேன், நான்காவது தடவை கைதட்டினாள்.

மதியம் மர நிழலில் ஆட்டுக்கறிச் சாறும் பொரித்த ரொட்டியும். ஷிமா காபிக் கோப்பையை நீட்டும்போது மொழியின் இன்னொரு அடுக்கைக் காட்டினார். நமக்குக் 'கொடு' ஒன்றே போதும். அவர்களுக்குக் கொடுக்கும் பொருளின் வடிவம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். காபி நிரம்பிய கோப்பையைக் கேட்டால் 'ஷா நீகாஹ்'. கயிற்றைக் கேட்டால் வேறு வினை, போர்வைக்கு வேறு, குச்சிக்கு வேறு, சேற்றுக்கு வேறு, குழந்தையைக் கையில் வாங்க வேறு. ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, அதன் உடம்பைப் புரிந்துகொண்ட பிறகே வாயைத் திறக்க முடியும். புதுப் பொருள் வந்தாலும் இரவல் வாங்குவது குறைவு. காருக்கு 'ச்சிதி', பழைய எஞ்சின் போட்ட சத்தம். விமானம் என்றால் பறக்கும் ச்சிதி.

சாப்பிட்டுக்கொண்டே தன் சித்தியைப் பற்றிச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு மருத்துவர், நடக்கக்கூடிய ஆபத்துகளை வரிசையாக விளக்கியிருக்கிறார், நல்ல எண்ணம்தான். கடைசியில் "நீங்கள் கண் விழிக்காமலே போகலாம்" என்றிருக்கிறார். சித்தி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "அவர் அதை வாயால் சொல்லிவிட்டாரே" என்றார் ஷிமா. நான் உடனே புரிந்துகொண்டேன். 'போகிறேன்' என்று சொல்லாதே, 'போய்ட்டு வரேன்'னு சொல்லு என்று அதட்டிய பாட்டி எனக்கும் இருந்தார். 1995இல் காரீஸ், ரோட்ஸ் என்ற இருவர் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் இதைப் பற்றியே எழுதினார்கள். கெட்டதை முன்கூட்டிச் சொல்வதே தீங்கு என்று நவஹோ நோயாளிகள் கருதுகிறார்கள், 'நல்லதாக நினை, நல்லதாகப் பேசு' என்பதே அவர்கள் வழி என்று பதிவு செய்திருக்கிறார்கள். சொல்லுக்குப் பலன் உண்டு என்று நம்பும் ஊரில் மருத்துவர் பேசக் கற்றுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்குக்குள்தான் 1864இல் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்கப் படை புகுந்து மக்களைப் பட்டினி போட்டுப் பிடித்தது. அவர்கள் வளர்த்த பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஆயிரக்கணக்கானவர்களை 500 கிலோமீட்டர் தூரம் நடத்தியே கொண்டுபோனார்கள். அந்த இடத்தின் பெயர் ஹ்வேல்தி. ஷிமா அதை ஒரே ஒரு தடவை சொன்னார், பிறகு 'அந்த இடம்' என்றே குறிப்பிட்டார். 1868 ஜூன் 1 ஒப்பந்தம் அவர்களைச் சொந்த மண்ணுக்குத் திரும்ப விட்டது. ஆனால் அதே ஒப்பந்தத்தில், 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. மண் திரும்பி வந்த தாளிலேயே மொழி போவதற்கும் வழி எழுதியிருந்தது.

உடனே போய்விடவில்லை. 1970 வாக்கில்கூடப் பள்ளிக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நவஹோதான் முதன்மை மொழி. அதன் பிறகு ஒரே தலைமுறையில் சரிவு. ஷிமாவின் அம்மா சோப்பு வாயோடு வளர்ந்தவர். ஷிமாவிடம் நவஹோவில் பேசினார். ஷிமா தன் மகளிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டார். "அவள் அடி வாங்கக் கூடாது என்று நினைத்தேன். அப்போது யாரும் அடிக்கவே இல்லை, ஆனால் எனக்குப் பயம் போகவில்லை" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். அமெரிக்க மண்ணின் பழங்குடி மொழிகளில் இதுவே பெரிய எண்ணிக்கை. ஆனால் பேசுபவர்களில் பலர் வயதானவர்கள். 2014இல் நடந்த நவஹோ தேசத் தலைவர் தேர்தலில் மொழி சரளமாக வராத வேட்பாளர் ஒருவர் நீக்கப்பட்டார். மறு ஆண்டு மக்களே வாக்களித்து அந்த விதியைத் தளர்த்தினார்கள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் மொழி கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்பதும் நியாயம். மறுபக்கம் 1966இலேயே ரஃப் ராக்கில் தங்கள் கையில் ஒரு பள்ளியை எடுத்து நடத்தினார்கள். 1986இல் ஃபோர்ட் டிஃபையன்ஸில் முழுக்க நவஹோவிலேயே பாடம் சொல்லும் வகுப்புகள் தொடங்கின. 2013இல் ஸ்டார் வார்ஸ் படம் நவஹோ பேசியது. பேத்தி அப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் படிக்கிறாள். வீட்டில் அவளும் பாட்டியும் பேசும்போது நடுவில் இருக்கும் அம்மாவுக்குப் பாதிதான் புரியுமாம். மகள் இப்போது குழந்தையிடம் கேட்டுக் கேட்டுக் கற்கிறாள் என்று ஷிமா சொன்னபோது குரல் இளகியது.

மாலையில் சிலந்திப் பாறைக்கு வந்தோம். தரையிலிருந்து 240 மீட்டர் உயரம், தனியாக நிற்கும் ஒற்றைத் தூண். நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் இருக்கிறாள் என்பார்கள். நான் கொயோட்டி என்னும் ஓநாய்நரியின் கதை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்தக் கதைகளில் அவன் பெயர் மாயி.

"இப்போது கூடாது" என்றார். "பாம்பு இன்னும் தூங்கப் போகவில்லை. கரடியும் விழித்திருக்கிறது. உறைபனி விழட்டும். முதல் இடி இடிக்கும் வரைதான் அந்தக் கதைகளுக்குக் காலம்."

பேத்தி கையில் ஒரு நூல் இருந்தது. விரல்களில் மாட்டி நட்சத்திரம் போடும் விளையாட்டு அவளுக்குத் தெரியும், அதுவும் குளிர்காலத்துக்குத்தான். எங்களிடம் போட்டுக் காட்டவில்லை. நூலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். ஷிமாவின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். "அஹேஹே" என்று நன்றி சொன்னேன்.

டிசம்பரில் ஒரு நாள் செய்தி வந்தது: 'பனி கொட்டியிருக்கிறது, எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.' யார் தூங்கினார்கள் என்று எனக்குப் புரிந்தது. உடனே போன் போட்டேன். எனக்கு விடியற்காலை, அவருக்கு மாலை. முதலில் நவஹோவிலேயே பத்து நிமிடம் சொன்னார். 'மாயி' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. பேத்தி எங்கே சிரித்தாளோ அங்கே நானும் சிரித்தேன். பிறகு எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார். பதிவு எதுவும் செய்யவில்லை.

என்ன கதை என்று படிப்பவர்கள் கேட்பீர்கள். இதை எழுதும்போது சித்திரை பாதி ஆகிவிட்டது. சின்லியில் முதல் இடி இடித்துவிட்டதாகப் போன வாரம் ஷிமா சொன்னார். டிசம்பரில் எழுதுகிறேன்.