தாய்க்குக் கொரோனா, பிள்ளைக்கு எந்தப் பால்? – 2020 குறிப்புகள்

மார்ச் 1
சீன நிபுணர்களின் பிப்ரவரி வழிகாட்டல்: தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைக் குறைந்தது 14 நாள் பிரித்து வையுங்கள், தாய்ப்பால் வேண்டாம். இத்தாலியப் பச்சிளங்குழந்தை மருத்துவர் சங்கம் நேற்று முன்தினம் சொன்னது நேரெதிர்: தாய்க்கு அறிகுறி லேசாக இருந்தால் இருவரும் ஒரே அறையில் இருக்கலாம், நேரடியாகவே பால் கொடுக்கலாம். கையிலிருக்கும் சான்று இரு நாட்டுக்கும் ஒன்றுதான். சீனா கிருமிக்கு அஞ்சுகிறது. இத்தாலி பால் நின்றுபோவதற்கும் அஞ்சுகிறது.

மார்ச் 14
உலக சுகாதார நிறுவனமும் நேற்று தாய்ப்பாலின் பக்கம் நின்றுவிட்டது. முகக்கவசம், குழந்தையைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுதல், தொட்ட இடங்களைத் துடைத்தல், இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவ வேண்டியதில்லை. திறந்த மார்பின்மேல் இருமியிருந்தால் மட்டும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

ஏப்ரல் 4
அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி ஏப்ரல் 2 அன்று தாயையும் சேயையும் தற்காலிகமாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் தொற்றில்லாத ஒருவர் புகட்டலாம். காகிதத்தில் எளிது. முதல் சில நாளில் மார்பு காலியாகவில்லை என்றால் சுரப்பே குறைந்துவிடும், பிறகு கூட்டுவது பெரும்பாடு. ஆகவே பிரித்த தாய்க்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும், பால் எடுக்க ஆள்துணை வேண்டும். முதல் இரண்டு நாள் சீம்பாலுக்குப் பம்பைவிடக் கையே மேல். சில சொட்டு பம்பின் குழாயிலேயே ஒட்டிப் போய்விடும். காம்பிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்திப் பிறகு சேர்த்துப் பிதுக்க வேண்டும். தோல்மேல் விரலை வழுக்கினால் வலிதான் மிச்சம். புகட்டப் பாலாடையோ சிறு கிண்ணமோ நல்லது.

ஏப்ரல் 19
பால்மாவுதான் வழி என்றால்: கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே போகுமுன் மாவைக் கலக்க வேண்டும், ஏனென்றால் மாவு கிருமியற்றதல்ல. முதலில் தண்ணீர், பிறகு தலை தட்டிய கரண்டி. ஒரு கரண்டிக்கு 30 மி.லி.யா 60 மி.லி.யா என்பது டப்பாவுக்கு டப்பா மாறும், படித்துவிட்டே கலக்குங்கள். மாவுக்குத் தட்டுப்பாடு வரும்போது நீரைக் கூட்டினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். நன்றாக ஆறவைத்துப் புகட்டுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஜூன் 24
உலக சுகாதார நிறுவனத்தின் நேற்றைய அறிவியல் குறிப்பில் 46 தாய்மாரின் பால் சோதனை இருக்கிறது. 43 பேரின் பாலில் வைரஸ் இல்லை. 3 பேரின் பாலில் கிடைத்ததும் வைரஸின் மரபுப்பொருள்தான்; உயிருள்ள வைரஸ் என்று அதற்குப் பொருளில்லை.

ஜூலை 23
அமெரிக்க அகாதமி நேற்று மனம் மாற்றிக்கொண்டது: ஒரே அறையில் இருக்கலாம். நல்ல செய்தி. ஆனால் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு, புட்டிக்குப் பழகிவிட்ட பிள்ளைகளின் கதி? சட்டையில்லாமல் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போடுங்கள், பசி முற்றி அழுமுன் மார்பைக் காட்டுங்கள். மெல்லிய குழாயின் ஒரு நுனியைக் காம்பருகே ஒட்டி, மறுநுனியைப் பால் கிண்ணத்தில் விட்டால், சப்பும்போதே பால் வரும், சுரப்பும் தூண்டப்படும். எடை ஏறுகிறதா, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கிண்ணப் பாலைக் குறைக்க வேண்டும்.