தட்சிணேசுவரத்தில் ஒரு பள்ளி ஆசிரியரைத் தேடி

தட்சிணேசுவரம் போகிற நம்மூர்க்காரர்கள் பவதாரிணி என்ற காளியைத் தரிசித்துவிட்டு, பகவான் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையில் சற்று நேரம் உட்கார்ந்து தியானம் செய்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் என் மனைவியும் இந்த முறை இன்னொருவரையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு போனோம். அந்த அறையில் நடந்த பேச்சையெல்லாம் எழுதி வைத்து நமக்குக் கொடுத்த மகேந்திரநாத் குப்தாதான் அவர். துறவி அல்லர், பள்ளித் தலைமையாசிரியர், மனைவி மக்களோடு வாழ்ந்தவர். 'கதாமிருதம்' என்ற அந்த நூலில் தன் பெயரைக்கூடப் போடாமல் வெறும் 'ம' என்று ஒளிந்துகொண்டார். ஆசிரியத் தொழிலில் காலம் கழித்த எனக்கு, பரமஹம்சரின் சீடர்களிலேயே நெருங்கிய உறவினர்போலத் தோன்றுகிறவர் இவர்தான்.

கல்கத்தா மெட்ரோ இப்போது தட்சிணேசுவரம் வரைக்கும் போகிறது. நிலையத்திலிருந்து ஆகாய நடைபாதை வழியாகக் கோயில் வாசலுக்கே போய்விடலாம். வழியில் செம்பருத்தி மாலையும் பேடா பொட்டலமும் வாங்கிக்கொண்டோம். ராணி ராசமணி கட்டி 1855 மே 31-ல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. ஒன்பது சிகரங்களோடு அம்மன் சன்னிதி, கங்கைக் கரையோரம் வரிசையாகப் பன்னிரண்டு சிவாலயங்கள், வடக்கே ராதாகாந்தர் சன்னிதி. வரிசை நீளம்தான். ஆனால் அம்மன் முன்னால் நின்ற அந்தச் சில நொடிகளில் கால்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. என் மனைவி வாய்விட்டே "அம்மா" என்றாள்.

முற்றத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பரமஹம்சரின் அறை. கட்டில், சுவரில் தெய்வப் படங்கள், மேற்கே கங்கையைப் பார்த்த வளைந்த தாழ்வாரம். இந்த அறைக்குத்தான் 1882 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை மாலை மகேந்திரர் முதன்முதலாக வந்தார். பக்தி முற்றி வந்தவர் அல்லர். கூட்டுக்குடும்பச் சச்சரவு தாங்க முடியாமல் மனைவியை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி, வராகநகரில் சகோதரி வீட்டில் தங்கியிருந்தார். உயிரையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். மனசு ஆறட்டும் என்று உறவுக்காரர் சித்து அவரைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் காட்ட, அப்படியே கங்கைக்கரைத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு பரமஹம்சர் இருக்கிறார் என்று சித்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

அறை நிறைய மக்கள். பரமஹம்சர் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து சிரித்த முகமாக இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்த மகேந்திரர் வேலைக்காரப் பெண் பிருந்தாவிடம், "இவர் நிறையப் புத்தகம் படிப்பாரோ?" என்று கேட்டார். படித்த மனிதரின் கேள்வி! "புத்தகமா? எல்லாம் அவர் நாக்கிலேயே இருக்கிறது" என்றாள் அவள்.

அடுத்த சந்திப்பில் விழுந்த அடியை நினைத்தால் எனக்கு இன்றும் கன்னம் சிவக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று பரமஹம்சர் கேட்கிறார். ஆமாம் என்றதும், தன் அண்ணன் மகனிடம், "அடடா, ராம்லால், கல்யாணம் ஆகிவிட்டதாமே!" என்கிறார். குழந்தைகள் உண்டு என்று தெரிந்ததும் இன்னும் வருத்தம். மனைவி எப்படிப்பட்டவள் என்று கேட்க, நல்லவள்தான், ஆனால் அறியாதவள் என்று சொல்லிவிடுகிறார் மகேந்திரர். "நீ ஞானியாக்கும்!" என்று பரமஹம்சர் அங்கேயே குட்டுகிறார். கல்லூரித் தேர்வுகளில் மேலே நின்ற பட்டதாரி, பேர்பெற்ற பள்ளியின் தலைமையாசிரியர். ஒரே வார்த்தையில் அந்தக் கர்வம் உடைந்தது. நான் இதைச் சொன்னதும் என் மனைவி, "ஏங்க, அப்படிக் கேட்ட சாமியை எனக்கு ரொம்பப் பிடிக்குது" என்றாள்.

அன்றே மகேந்திரர் கேட்ட இன்னொரு கேள்விக்கான பதிலில்தான் நம்மைப் போன்றவர்கள் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தில் இருந்துகொண்டு எப்படி வாழ்வது? பணக்கார வீட்டு வேலைக்காரி எசமான் பிள்ளைகளை 'என் ராமன், என் ஹரி' என்று கொஞ்சினாலும், மனசுக்குள் தன் வீடு எங்கோ கிராமத்தில் இருக்கிறது என்று அறிந்திருக்கிற மாதிரி, எல்லாக் கடமையையும் செய், மனதை மட்டும் இறைவனிடம் வை என்றார் பரமஹம்சர். பின்னால் மகேந்திரருக்குத் துறவு ஆசை வந்தபோதும் விடவில்லை. பாகவதம் சொல்லும் பண்டிதனை அம்பாள் ஒரே ஒரு கட்டோடு உலகத்தில் வைக்கிறாள் என்று சொல்லி வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்.

அந்தக் கட்டு லேசானதும் இல்லை. மூத்த மகன் சிறுவயதிலேயே இறந்துபோனான். மனைவி நிகுஞ்ச தேவி துக்கத்தில் சித்தம் கலங்கும் நிலைக்கு வந்துவிட்டார். தானே நோயில் படுத்திருந்த காசிபூர்த் தோட்டத்துக்கு அந்த அம்மையாரை வரச்சொன்ன பரமஹம்சர், அன்னை சாரதா தேவியிடம் வந்து சில நாள் இருக்கும்படி சொன்னார். தட்சிணேசுவரத்தில் அன்னை வாழ்ந்த நகபத் (கோயில் மேளக் கட்டடம்) அறையை எட்டிப் பார்த்தபோது இந்தத் தாய்தான் நினைவுக்கு வந்தார். மிகச் சின்ன எண்கோண அறை அது. அங்கே நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பரமஹம்சரின் பேச்சுகளை இவர் குறிப்பெடுத்த விதம் ஆச்சரியம். எதிரில் உட்கார்ந்து எழுதவில்லை. கேட்டதையெல்லாம் மனதில் தாங்கி வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதுவார்; ஒரு நாள் நிகழ்ச்சியை முழுவதும் நினைவுகூர்ந்து எழுதப் பல நாட்கள்கூட ஆகுமாம். பள்ளி வேலை இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையுமாகவே பெரும்பாலும் வர முடிந்தது. அப்படிப் பார்த்தால், உலகம் முழுக்கப் படிக்கும் அந்தப் பெரிய நூல் ஓர் ஆசிரியரின் விடுமுறை நாட்களில் பிறந்தது. வேலை முடியட்டும், ஓய்வு வரட்டும், பிறகு பக்தி செய்யலாம் என்று தள்ளிப்போடும் எனக்கு இதைவிட வேறு என்ன உபதேசம் வேண்டும்!

தன் மாணவர்களையும் பரமஹம்சரிடம் கூட்டிக்கொண்டு வந்தார். பிற்காலத்தில் துறவிகளான சிலர் அப்படி வந்தவர்கள். பிள்ளை பிடிக்கும் வாத்தியார் என்றே பேர் வந்துவிட்டது. 1882 ஆகஸ்ட் 5 அன்று, தான் வேலை பார்த்த பள்ளியை நடத்திய ஈசுவர சந்திர வித்யாசாகரின் வீட்டுக்கே பரமஹம்சரை அழைத்துப் போனவரும் இவர்தான். உள்ளே போகுமுன் சட்டைப் பொத்தான் போடாமல் இருக்கிறதே, தவறாக நினைப்பாரோ என்று பரமஹம்சர் குழந்தைபோலக் கேட்க, "உங்களுக்கு அதெல்லாம் குற்றமே இல்லை" என்று தேற்றியிருக்கிறார். 1886-ல் தேர்ச்சி விகிதம் குறைந்ததற்கு இவர் பரமஹம்சரிடம் அடிக்கடி போவதுதான் காரணம் என்ற பேச்சு எழுந்தபோது, வேலையை ராஜினாமா செய்தார். குடும்பம் நடத்த வேண்டும், கையில் வேறு வேலை இல்லை. அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது.

மறுநாள் நகருக்குள், குருபிரசாத் சௌத்ரி சந்தில் இருக்கும் அவர் வீட்டைப் பார்க்கப் போனோம். தன்தனியா காளி கோயிலுக்குப் பக்கம். கதாமிருத பவன் என்று கேட்டால் வழி சொல்கிறார்கள். பரமஹம்சர் வந்துபோன வீடு. அன்னை சாரதா தேவி தங்கிய வீடு. பூஜையறையில் இன்றும் வழிபாடு நடக்கிறது. குறுகலான சந்தும் கதவோரச் செருப்புமாகச் சாதாரணக் குடும்ப வீடுபோலவே இருந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிற்காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் சொந்தமாகவே பள்ளி நடத்தினார். மாஸ்டர் மகாசயர் என்று ஊரே அழைத்தது. சில இரவுகளில் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழக செனட் மண்டபத் தாழ்வாரத்தில் வீடற்ற ஏழைகளோடு போய்ப் படுப்பாராம். தனக்கென்று வீடு இல்லை என்ற எண்ணம் ஊறட்டும் என்பதற்காக! அந்த மண்டபத்தை 1960-ல் இடித்துவிட்டார்கள். கல்லூரித் தெருவில் அது நின்ற பக்கமாக நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வங்காளியில் கதாமிருதத்தின் முதல் பாகம் 1902-ல் வந்தது. அவரே ஆங்கிலத்தில் எழுதியதை 1907-ல் வெளியிட்டது நம் சென்னை மடம். ஐந்தாம் பாகத்துக்கு அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த வேளையில், 1932 ஜூன் 4 அன்று காலமானார்.

நீங்கள் போவதானால், கதாமிருதத்தின் தமிழாக்கமாகக் கிடைக்கும் 'அமுதமொழிகள்' நூலில் அந்த முதல் சந்திப்புப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், செல்பேசிக்கும் அனுமதி இல்லை. காலையிலேயே போய்விட்டால் அறையில் உட்கார இடம் கிடைக்கும். மகேந்திரர் வந்து நின்ற மாலை நேரத்தையும் பார்க்க வேண்டுமென்றால், ஆரத்தி வரைக்கும் இருங்கள்.